பொருள்: ‘நிலநடுக்க மண்டலம்’ என்பதற்கு மாற்றாக ‘அதிர்பட்டை’

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் கோவையிலிருந்து வணக்கம்.

நிலநடுக்கமும் எரிமலையும் மிகுந்த உலகப் பகுதிகளுக்கு ‘நிலநடுக்க மண்டலம்’ என்னும் பழகிய சொல்லே போதும் என்று நம் குழுவின் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல்லுக்கு நம் நாட்டில் ஏற்கெனவே வேறொரு பணி உண்டு என்பதே என் தயக்கம். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகளின் 2002 ஆம் ஆண்டுப் பதிப்பு நாட்டை நான்கு மண்டலங்களாக வகுத்துக் கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. அங்கே மண்டலம் என்பது, பொறியாளர் எவ்வளவு அதிர்வைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கான வகைப்பாடு மட்டுமே. ‘கோவை நிலநடுக்க மண்டலத்தில் உள்ளது’ என்று செய்தித்தாளில் படிப்பவர், தம் ஊரை ஜப்பானோடு ஒரே வரிசையில் வைத்து அஞ்சிவிடுகிறார்.

1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை உலுக்கிய, ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கமும், உலகின் பெரும் நிலநடுக்கப் பகுதிகளில் போலப் புவித்தட்டின் (புவியின் மேற்புறத்தை அமைக்கும் பெரும் பாறைப்பலகையின்) விளிம்பில் நிகழ்ந்ததன்று. இந்தியத் தட்டின் உட்பகுதியில், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி நிகழ்ந்தது. (தரை சற்றே அதிர்ந்தாலும் ‘கல்குவாரியில் வெடி வைத்தார்களா?’ என்று கேட்கும் ஊர் நம்முடையது.)

‘நெருப்பு வளையம்’ என்பதைப் பொதுச்சொல்லாக்கலாம் என்ற கருத்தையும் ஏற்க இயலவில்லை. அது பசிபிக் பெருங்கடலைச் சுற்றி நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ், ஜப்பான், அலாஸ்கா, சிலி என ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளும் ஒரே அமைப்பின் பெயர். அதுவும் முழு வளையமன்று, லாட வடிவம். அங்கே கடலடித் தட்டு மற்றொரு தட்டின் கீழ் அமிழும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உண்டாகிறது. ஆகவே நடுக்கமும் நெருப்பும் சேர்ந்தே காணப்படுகின்றன. பதிவானவற்றுள் மிகப் பெரிதான, 9.5 அளவுள்ள 1960 ஆம் ஆண்டு நிலநடுக்கம் சிலியில் நிகழ்ந்ததே.

ஆனால் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து இமயம், ஈரான், துருக்கி வழியாக மத்தியதரைக் கடல் வரை செல்லும் இரண்டாவது அமைப்பை எண்ணிப் பாருங்கள். இந்தோனேசிய முனையில் 1815 இல் வெடித்த தம்போரா போன்ற எரிமலைகள் உண்டு. கண்டத்தோடு கண்டம் மோதும் இமயத்திலோ பெரும் நடுக்கங்கள் உண்டு, உயிர்ப்புள்ள எரிமலைத் தொடர் இல்லை. நெருப்பின் பெயரால் இமயத்தை அழைப்பது பொருந்தாது.

எனவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள். நிலநடுக்கங்கள் செறிந்த நீள் பகுதிக்கு ‘அதிர்பட்டை’; வினைத்தொகையாதலால் அதிர்ந்த, அதிர்கின்ற, அதிரும் என முக்காலமும் அதில் அடங்கும். எரிமலைகள் வரிசையாக அமைந்த இடத்துக்கு ‘எரிமலைநிரை’. பசிபிக் விளிம்பில் இரண்டும் பொருந்தும். இமயம் அதிர்பட்டை மட்டுமே. தட்டின் நடுவே வெப்பப்புள்ளியின் (ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தின்) மேல் உருவான ஹவாய், எரிமலைநிரையே தவிர உலக அதிர்பட்டைகளுள் ஒன்றன்று. ‘மண்டலம்’ கட்டட விதிக்கே இருக்கட்டும்.

‘பட்டை’ என்றால் நம் பக்கத்தில் மரப்பட்டையும் சாராயமும் நினைவுக்கு வரும் என்று குழுவின் அம்மா ஒருவர் கேலியாகச் சுட்டியதைப் பெரும் தடையாக நான் கருதவில்லை. கூட்டுச்சொல்லில் அக்குழப்பம் எழாது. ஆனால் நீண்ட பட்டையைக் குறிக்கும் ‘வார்’ என்பதைச் சேர்த்த ‘அதிர்வார்’ என்ற அவரது மாற்று, அதிர்கின்றவர் என்று படிக்கப்படும்.

ஒரு தட்டின் கீழ் மற்றொன்று செல்வதற்கு ‘அமிழ்தல்’, ‘கீழ்ச்செருகல்’ இரண்டும் நம் உரையாடல் இழையில் வந்துள்ளன. அதிர்பட்டைக்கு வரையறை எழுத இவற்றுள் ஒன்று தேவைப்படுவதால், நிலவியல் கற்பிக்கும் உறுப்பினர்கள் முதலில் அதனை முடிவுசெய்து தர வேண்டுகிறேன்.