மாருதி ஆம்னி வேன் கணவாய் ஏறும்போது நின்றுவிடுகிறது, அவசர உதவி

பந்தி_வேன் | செவ்வாய், காலை 6:10
வணக்கம். பதினைந்து நாளாக ஒரே தொல்லை. உசிலம்பட்டியிலிருந்து தேனிக்கு விடியற்காலையில் போகிறேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிற இடத்தில் இழுவை குறைந்து, இரண்டு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடுகிறது. இருபது நிமிடம் கழித்து சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி 2,300 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாளே அதே இடத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து ஆர்டர் இருக்கிறது, 300 இலை. சீக்கிரம் சொல்லுங்கள்.

மூணு_சிலிண்டர் | காலை 7:02
எந்த வருட மாடல்? கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சுகிற வகை)? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஹீட் ஊசி எங்கே நிற்கிறது? நிற்கும்போது எத்தனை பேர், எவ்வளவு பாரம்? ஆம்னி என்று மட்டும் சொன்னால் எப்படி அண்ணே?

கோவை_கார்புரேட்டர் | காலை 7:30
கேட்கவே வேண்டாம், வேப்பர் லாக். ஆம்னியில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, காற்று படாது. பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்பாவின் 1996 மாடலில் ஊட்டி போகும்போதெல்லாம் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவோம். ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடும். ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் வண்டியிலேயே இருக்கும்.

நெல்லைப்பயணி | காலை 7:41
இக்னிஷன் காயில். சூடானால் கரண்ட் கொடுக்காது, ஆறினால் கொடுக்கும். எனக்கு இதேதான் நடந்தது. அடுத்த முறை நிற்கும்போது ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள்.

பந்தி_வேன் | காலை 9:15
2007 மாடல். எம்பிஎஃப்ஐ. மீட்டர் கேபிள் அறுந்து நாளாகிவிட்டது, கடைசியாக 1,38,000 காட்டியது. ஹீட் எல்லாம் இல்லை, ஊசி பாதிகூட ஏறுவதில்லை. நான், ஒரு பையன், அண்டா குண்டான், அரிசி. அவ்வளவுதான் பாரம்.

ரெஞ்ச்_மாமா | காலை 10:20
'சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது' என்று இங்கே ஐம்பது இழை கிடக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. போகட்டும்.

கோவைத் தம்பிக்கு: டிசம்பர் மாதம் விடிகாலை ஐந்து மணிக்குப் பெட்ரோல் எப்படிக் கொதிக்கும்? எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அழுத்தத்தோடு தள்ளுகிற பெட்ரோல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. உங்கள் ஈரத்துணியை மடித்து வையுங்கள். நெல்லைக்காரருக்கு: காயில் என்றால் மதியம் தேனியிலிருந்து திரும்பும்போதுதான் முதலில் நிற்கும்.

இது ஃபியூவல் பம்ப். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் தேவைப்படும், செத்துக்கொண்டிருக்கிற பம்ப் கொடுக்காது. முப்பது வருடமாக இந்த எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறேன். மாற்றிவிட்டு வந்து நன்றி சொல்லுங்கள்.

பந்தி_வேன் | காலை 10:48
பம்ப் இருக்காது மாமா. வண்டி கேஸில்தான் ஓடுகிறது. பெட்ரோல் போட்டே ஒரு வருடம் இருக்கும்.

மூணு_சிலிண்டர் | காலை 10:50
இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா!!

பந்தி_வேன் | காலை 10:57
இங்கே எல்லா ஆம்னியும் கேஸ்தானே, அதனால் சொல்லவில்லை. ஆர்சியில் ஏற்றிய கேஸ் கிட்தான். பங்க்கில்தான் அடிக்கிறேன்.

வைகைக்கரை | காலை 11:20
நான் வீட்டுச் சிலிண்டரையே பின்னால் வைத்து ஓட்டுகிறேன். செலவு பாதி. எந்தத் தொல்லையும் இல்லை.

ரெஞ்ச்_மாமா | காலை 11:31
தொல்லை வரும்போது சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் மாட்டுவது குற்றம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியாக இருந்தால் நானே புகார் கொடுப்பேன்.

எஃப்சி_அனுபவம் | மதியம் 12:05
2007 வண்டிக்கு இன்னும் எவ்வளவு கொட்டப்போகிறீர்கள்? 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அதற்கு முன் 600. புதுப்பித்தாலும் ஐந்து வருடத்துக்குத்தான். உங்களுக்கு 2027-இல் மறுபடி வரும். அதற்குள் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி. எஃப்சிக்கு (தகுதிச் சான்று) முன்னால் அடித்தளத் துரு, டிங்கரிங், பெயின்ட் என்று எனக்கு 18,000 ஆனது. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டாலே வருடம் 2,094, வரி தனி. பேசாமல் இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு ஒரு பழைய மாருதி ஈகோ வேன் வாங்குங்கள்.

கோவை_கார்புரேட்டர் | மதியம் 12:30
15 வருடம் ஆனால் ஸ்கிராப் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே?

எஃப்சி_அனுபவம் | மதியம் 12:44
அது அரசு வண்டிகளுக்கு, 2023 ஏப்ரலிலிருந்து. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 என்று உத்தரவு போட்டார்களே, அது வேறு கதை. நம் ஊரில் சொந்த வண்டி எஃப்சி பாஸானால் ஓட்டலாம்.

மூணு_சிலிண்டர் | மதியம் 1:10
ஈகோ மட்டும் என்ன கோட்டையா? 2016-இல் கார்களை மோதிச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது காற்றுப்பை இல்லாத ஈகோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆம்னியின் 796 சிசி எஞ்சினுக்கு எந்த ஊர் மூலையிலும் சாமான் கிடைக்கும். 2019-இல் ஆம்னியை நிறுத்தியபோது அழாத பூக்காரர் உண்டா?

எஃப்சி_அனுபவம் | மதியம் 1:22
ஆம்னியில் மோதினால் முதலில் நசுங்குவது ஓட்டுகிறவர் முழங்கால். அதற்கு என்ன நட்சத்திரம் தருவீர்கள்?

நிலக்கோட்டைப்பூ | மாலை 4:40
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பந்தி தம்பி, நான் ஆறு வருடமாக கேஸ் ஆம்னியில் மல்லிகைப்பூ ஏற்றுகிறேன். எனக்கும் சிறுமலை ஏறும்போது இப்படித்தான் நின்றது.

நீங்கள் சமையல்காரர், உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பந்தியில் பெரிய அடுப்பை முழுவீச்சில் எரித்தால் சிலிண்டர் அடியில் வேர்த்து, சில்லென்று ஆகி, தீ சுருங்கிப்போகும் இல்லையா? வெந்நீர்த் தொட்டியில் சிலிண்டரை நிறுத்துவீர்கள். வண்டியிலும் அதே கதைதான். டேங்கிலிருந்து வருகிற திரவ கேஸை ஆவியாக்குகிற வேப்பரைசருக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை எஞ்சின் கூலன்ட்தான் ஹோஸ் வழியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. கூலன்ட் குறைந்தால் முதலில் காய்ந்துபோவது வேப்பரைசர். சமதளத்தில் சமாளிக்கும். கணவாயில் கேஸை அதிகம் உறிஞ்சும்போது உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்தில் உருகிவிடும், வண்டி கிளம்பிவிடும்.

ஹீட் ஊசி ஏறவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். சென்சாரைத் தண்ணீர் தொடாவிட்டாலும் ஊசி கீழேயே கிடக்கும். எனக்கு அதில்தான் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைமூடிக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போனது.

நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும். அடுத்த முறை நின்றால் வேப்பரைசரைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று, மேலே வெள்ளையாகப் பனி பிடித்திருந்தால் வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஒழுகுகிற இடத்தைத் தேடுங்கள்: வாட்டர் பம்ப், ஹோஸ் கிளாம்ப், கிட் போடும்போது வெட்டி மாட்டிய டி-ஜாயின்ட். கடைசியில் சொன்னதை முதலில் பாருங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு அடைக்கும். ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் நடுவிலும் இருப்பதால் குழாய் நீளம். உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். ஊற்றியபின் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.

பந்தி_வேன் | மாலை 5:05
அக்கா, போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கடைசியாக எப்போது ஊற்றினேன் என்று நினைவில்லை.

மூணு_சிலிண்டர் | மாலை 5:20
காலையில் கேஸிலேயேதான் ஸ்டார்ட் செய்கிறீர்களா? எஞ்சின் சூடாகும்வரை பெட்ரோலில் ஓட்டிவிட்டு மாற்றுவதுதான் முறை. டேங்கைக் காலியாகவே வைத்திருந்தால் பம்ப்பும் போய்விடும், அதைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

ரெஞ்ச்_மாமா | மாலை 5:41
அதாவது, பம்ப். நான் காலையிலேயே சொன்னேன்.

நெல்லைப்பயணி | புதன், காலை 8:12
தம்பி, ரேடியேட்டரில் தண்ணீர் இருந்ததா? காயிலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எஃப்சி_அனுபவம் | வெள்ளி, இரவு 9:30
ஆள் காணவில்லை. ஈகோ வாங்கப் போயிருப்பார்.

நிலக்கோட்டைப்பூ | திங்கள், காலை 11:15
காதுகுத்து நல்லபடியாக முடிந்ததா தம்பி?

பந்தி_வேன் | அடுத்த சனி, மாலை 3:02
டி-ஜாயின்டில் ஹோஸ் வெடித்திருந்தது. ரேடியேட்டரில் மூன்று லிட்டருக்குமேல் குடித்தது. ஹோஸ், கூலன்ட், கூலி எல்லாம் 1,150. நான்கு முறை கணவாய் ஏறிவிட்டேன், நிற்கவில்லை. அக்காவுக்கு நன்றி. காதுகுத்துக்கு மச்சானின் குட்டியானையில் போனேன்.

மூணு_சிலிண்டர் | மாலை 3:10
அருமை. ஹெட் கேஸ்கெட் தப்பித்ததா? தண்ணீர் கலந்து ஆயிலில் பால் நிறம் தெரிகிறதா? மீட்டர் கேபிள் மாட்டினீர்களா?

ரெஞ்ச்_மாமா | மாலை 6:25
பம்ப்பை மாற்றினாரா என்று கேளுங்கள்.