59 இம்பாலா கன்வர்டிபிள்: பழைய ஆறு சிலிண்டரா, புது வி8-ஆ?

காட்பாடிக்காரன்:
எங்க நைனா விட்டுட்டுப் போனது 1959 செவர்லே இம்பாலா கன்வர்டிபிள், அதாவது துணிக்கூரையை மடக்கித் திறக்கற கார். விருதம்பட்டு வீட்டுக் கொட்டகையில 19 வருஷமா நிக்குது. பின்னாடி விரிச்ச ரெண்டு இறக்கை, கீழ பூனைக்கண்ணு லைட்டு. தெருப் பசங்களுக்கு அது 'வவ்வாலு வண்டி'. 235 கியூபிக் இன்ச், ஆறு சிலிண்டர், ஸ்டீரிங் பக்கத்துல மூணு கியர். இஞ்சின் ஜாம். துணிக்கூரையை எலி தின்னது போக கம்பிதான் மிச்சம்.

அமெரிக்காவுல இந்த மாதிரி வண்டிக்கு 430 குதிரைசக்தி எல்எஸ்3ங்கற புது வி8 (எட்டு சிலிண்டர்) இஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், டிஸ்க் பிரேக்குன்னு உள்ளே எல்லாத்தையும் மாத்திட்டு, வெளியில மட்டும் அதே 59-ஆ வெச்சுக்கறாங்க. டெக்சாஸ்ல இருக்கற மச்சான் இஞ்சின் அனுப்பறேன்றான். எனக்கும் ஆசைதான். மே மாச வெயில்ல வேலூர் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல நின்னா சூடு தாங்குமா?

இன்னொண்ணு. போன வாரம் பட்டறைக்காரர் வண்டி நடுவுல ஜாக்கி வெச்சுத் தூக்கினார். டிரைவர் கதவு மேல் இடுக்கு என் சுண்டுவிரல் நுழையற அளவு விரிஞ்சுடுச்சு, கீழ இரும்போட இரும்பு உரசுது. இறக்கினா சரியாயிடுது. இது சாதாரணமா?

ராணிப்பேட்டை லேத்:
சாதாரணம் இல்ல தம்பி. முதல்ல ஜாக்கியை எடுங்க, இஞ்சின் பேச்சு அப்புறம். மேல கூரை இல்லாத வண்டிக்குக் கதவுக்குக் கீழ ஓடற பாக்ஸ்தான் முதுகெலும்பு. அது உள்ளே துருப்பிடிச்சிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, பொத்துன்னு உள்ளே போகும். 58-லேருந்து 64 வரைக்கும் இம்பாலாவுக்கு எக்ஸ் மாதிரி சேசிஸ் (அடிச்சட்டம்), நடுவுல ஒடுங்கிடும், பக்கத்துல தாங்கற சட்டமே கிடையாது. இதே சேசிஸ்ல அந்தக் காலத்துலயே 348 கியூபிக் இன்ச் வி8 ஓடுச்சு, அதனால தாங்காதுன்னு நான் சொல்லலை. ஆனா அது துருவில்லாத சேசிஸ்.

பாடியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்க பைப் வெச்சு வெல்டிங் அடிச்சுடணும். இல்லேன்னா திரும்ப உட்கார வைக்கும்போது ஒரு கதவும் மூடாது. நான் பட்ட பாடு.

எந்த இஞ்சின் போட்டாலும் பிரேக்கை விட்டுடாதீங்க. பிரேக் ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணே ஒண்ணு, நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். ஒரு பைப் ஒழுகினா நாலு சக்கரமும் போச்சு. ரெட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன்னாடி டிஸ்க்கும் போட்டுடுங்க.

திருவலம் மாமா:
தம்பி, ஆர்.டி.ஓ. விஷயத்தை யாரும் சொல்லலையே. 2021-ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜா பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல விஏ வரும். ஆனா சேசிஸ், பாடி, இஞ்சின் மூணுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எல்எஸ்3 போட்டா விண்டேஜ் பதிவு கிடைக்காது. சாதாரணப் பதிவுலயும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு, கம்பெனி சொன்ன விவரத்துலேருந்து மாறக் கூடாது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. விண்டேஜ் வண்டியில தினம் கடைக்குப் போய் வர முடியாது, அதையும் யோசிங்க.

பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு. என் பழைய அம்பாசிடர்ல ரப்பர் ஹோஸ் ஊறி ஜவ்வு மாதிரி ஆயிடுச்சு. பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற ரப்பர் டயஃப்ரமும் சேர்த்து மாத்துங்க.

காட்பாடிக்காரன்:
லேத் அண்ணே, குத்திப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் போயிடுச்சு. வெளியில எடுத்தா சிவப்புத் தூள்.

மாமா சொன்னதைக் கேட்டு பழைய ஆறு சிலிண்டர் இஞ்சினையே போர் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு) ஓட்டலாம்னு இருக்கேன். ரெட்டை மாஸ்டர் சிலிண்டர், டிஸ்க், டைனமோ இடத்துல ஆல்டர்னேட்டர், ரேடியேட்டருக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரிக் ஃபேன். பானெட்டைத் திறந்தாத்தான் தெரியும். மச்சானுக்கு போன் பண்ணி இஞ்சின் வேணாம்னேன். "அப்ப அது வண்டி இல்ல, பீரோ"ன்னு சொல்லி போனை வெச்சுட்டான்.

சீட்டுக்கு ஆம்பூர் தோல் போடலாம்னு இருக்கேன். வெயில்ல கூரை திறந்து வெச்சா வெடிக்காத தோல் எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.