தோற்ற பக்கம் வளர்ந்தது எப்படி? ஸ்கொட்லாந்து 2014 வாக்கெடுப்பின் பின் மக்கள் மனநிலை

தலவாக்கலை ஆசிரியர் கேட்டது:

உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் சர்வசன வாக்கெடுப்பு பற்றிய பாடத்தில், 2014 செப்டெம்பர் 18 அன்று, ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதியான ஸ்கொட்லாந்தில் நடந்த சுதந்திர வாக்கெடுப்பை உதாரணமாக எடுத்தேன். ‘ஸ்கொட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா’ என்ற ஒரே கேள்விக்கு 2,001,926 பேர் இல்லை என்றும் 1,617,989 பேர் ஆம் என்றும் பதிலளித்தார்கள். நூற்றுக்கு 55.3, 44.7. பதிவு பெற்ற வாக்காளர்களில் நூற்றுக்கு 84.6 பேர் வாக்களித்திருந்தார்கள்.

பின்வரிசை மாணவி ஒருத்தி, ஹோலிரூட், டன்சினேன், கலிடோனியா என்று நம் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர்களின் நாடா சேர் என்று கேட்டாள். ஆம், ஹோலிரூட் என்பது அவர்களுடைய நாடாளுமன்றம் இருக்கும் இடத்தின் பெயரும்தான் என்றேன். இதுவரை சிக்கல் இல்லை. அடுத்த கேள்வியில்தான் தடுமாறிவிட்டேன். வாக்கெடுப்பு நடந்த வேளையில், சுதந்திரம் கோரிய ஸ்கொட்லாந்து தேசியக் கட்சிக்கு இருந்த உறுப்பினர்கள் சுமார் 25,000 பேர். 2015 மார்ச்சில் அது ஓர் இலட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டு மே மாதப் பிரித்தானியப் பொதுத் தேர்தலில் ஸ்கொட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 தொகுதிகளை அந்தக் கட்சி வென்றது. ‘அப்படியானால் உண்மையில் வென்றது யார்?’ என்றாள் அவள். தலைவர்களின் அறிக்கைகள் எனக்குக் கிடைக்கின்றன. சாதாரண மக்கள் அந்த முடிவை எப்படி ஏற்றுக்கொண்டார்கள், வென்ற பக்கத்தில் ஏன் மகிழ்ச்சி தெரியவில்லை என்பதை மாணவர்களுக்குப் புரியும்படி யாராவது விளக்க முடியுமா?

பண்டாரவளை வாசகர்:

ஐயா, முதலில் கணக்கைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டே விடைகள் உள்ள வாக்கெடுப்பில் 44.7 என்பது தோல்வி. எட்டு மாதம் கழித்து, கூடுதல் வாக்குப் பெற்ற ஒருவர் மட்டுமே வெல்லும் தொகுதி முறையில் அதே மக்கள் வாக்களித்தபோது, ஆம் என்றவர்களில் பெரும்பாலோர் ஒரே கட்சியின் பின்னால் நின்றார்கள். இல்லை என்றவர்களோ தொழிற்கட்சி, பழைமைவாதக் கட்சி, லிபரல் ஜனநாயகக் கட்சி என்று மூன்றாகச் சிதறினார்கள். ஆகவே நூற்றுக்கு ஐம்பது அளவான வாக்குகளுக்கு 56 ஆசனங்கள் கிடைத்தன. 2010இல் அங்கு 41 ஆசனங்களைப் பெற்றிருந்த தொழிற்கட்சிக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது.

வென்ற பக்கம் ஏன் கொண்டாடவில்லை என்றால், ஒன்றாகக் கொண்டாட அவர்களுக்கு ஒரு வீடு இருக்கவில்லை. மூன்று கட்சிகளும் சேர்ந்து போட்ட பந்தல் அது. கல்யாணம் முடிந்த மறுநாள் அவிழ்த்தாயிற்று. போதாக்குறைக்கு, 19ஆம் திகதி காலை முடிவு வந்த கையோடு பிரதமர் டேவிட் கெமரன், இங்கிலாந்தைப் பற்றிய சட்டங்களுக்கு இங்கிலாந்து உறுப்பினர்களே வாக்களிக்க வேண்டும் என்ற பேச்சை எடுத்தார். நம்மை இருக்கச் சொல்லிக் கெஞ்சியவர்கள் விடிந்ததும் தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம், ‘இல்லை’ என்று வாக்களித்தவர்களிடமே எழுந்தது இயல்பு.

இதை மாணவர்களுக்குக் காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. ஸ்கொட்லாந்தின் முடிவு வந்த மறுநாள், செப்டெம்பர் 20, ஊவா மாகாண சபைத் தேர்தல். அரசாங்கக் கூட்டணி வென்றது; ஆனால் 2009இல் நூற்றுக்கு 72 அளவில் இருந்த அதன் வாக்கு 51 அளவுக்கு இறங்கியிருந்தது. எங்கள் பஸ் நிலையத்தருகே பட்டாசு கொளுத்தியவர்கள் தோற்றவர்கள். வென்றவர்களின் காரியாலயத்தில் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சனவரி ஜனாதிபதித் தேர்தலில் அந்த அரசாங்கம் தோற்றது எல்லோருக்கும் தெரியும்.

மஸ்கெலியாவிலிருந்து கிளாஸ்கோ:

பண்டாரவளை நண்பரின் கணக்குச் சரி. ஆனால் கணக்கு மட்டுமே மனிதர்களைக் கட்சி அலுவலகத்துக்கு வரிசையில் அனுப்பிவிடாது. அந்த வாரம் நான் இங்கே இருந்தேன். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. 32 உள்ளூராட்சிப் பிரதேசங்களில் ஆம் வென்றவை நான்குதான். அவற்றில் ஒன்று கிளாஸ்கோ, நூற்றுக்கு 53.5. ஆகவே இந்நகரத்தவர்கள் தங்கள் ஊரில் வென்று நாட்டில் தோற்றவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை, இரவு வேலை முடித்த இளம் பெண் ஊழியர் ஒருவர் ஆம் என்று எழுதிய சட்டைச் சின்னத்தைக் கழற்றாமலே கோட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் போனார். எண்பது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர், ஓய்வூதியம் என்னவாகுமோ என்று பயந்து இல்லை என்று வாக்களித்தவர், நான் தேநீர் கொண்டுபோனபோது வானொலியை நிறுத்திவிட்டு, ‘அந்தப் பிள்ளை அழுதாளா?’ என்று கேட்டார். வென்றவரின் முகத்தில் நான் கண்டது நிம்மதியும் ஒருவிதக் கூச்சமுமே. அன்று மாலை ஜோர்ஜ் சதுக்கத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை. பிரித்தானியக் கொடிகளோடு வந்த கூட்டத்துக்கும் ஆம் தரப்பு இளைஞர்களுக்கும் நடுவில் பொலிஸார் வரிசை கட்டி நின்றார்கள், சிலர் கைதானார்கள். அதற்கு மறுநாள் அதே சதுக்கத்தில் ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கென்று மக்கள் தகரப் பேணிகளையும் பாஸ்தாப் பொதிகளையும் குவித்தார்கள். தோல்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கு, கையால் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. கட்சியில் சேர்ந்ததும் அந்த வகைதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று கோபம். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு லண்டன் கட்சிகளின் மூன்று தலைவர்களும் கையொப்பமிட்டுக் கூடுதல் அதிகாரம் தருவதாக ஒரு பத்திரிகையின் முதற்பக்கத்தில் வாக்குறுதி தந்திருந்தார்கள். அதைக் காவல் காக்க வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். தம்மை ‘45’ என்று அழைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். தோற்ற சதவீதத்தையே பெயராக்கிக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது.

இங்கே சட்டப்படி தங்கியிருந்த பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் எனக்கும் வாக்கு இருந்தது. எதற்குப் போட்டேன் என்பதை எழுத விரும்பவில்லை. வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

டிக்கோயா:

கிளாஸ்கோ நண்பரின் கடைசி வரிதான் இந்தக் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். முடிவு வந்ததும் தோற்றவர் விரல் யாரை நோக்கி நீள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நூற்றுக்கு 93க்கும் மேற்பட்டோர் வாக்களித்து, 50.58க்கு 49.42 என்று, 54,288 வாக்குகளால் இறையாண்மைக் கோரிக்கை தோற்றது. அன்றிரவு மேடையேறிய மாகாணப் பிரதமர் ஜாக் பாரிஸோ, பணமும் இனக்குழு வாக்குகளும் தங்களைத் தோற்கடித்தன என்றார். மறுநாள் பதவி விலகல் அறிவித்தார். அந்தச் சொற்கள் அங்கு குடியேறியிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் அலெக்ஸ் சல்மண்டும் வாக்கெடுப்பின் மறுநாளே விலகுவதாக அறிவித்தார். ஆனால் பெரும்பான்மை இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறது, அந்தத் தீர்ப்பை ஏற்கிறேன், நீங்களும் ஏற்க வேண்டும் என்று தம் ஆட்களிடம் சொன்ன பிறகே அதைச் செய்தார். அங்கு வாழாத ஸ்கொட்லாந்துக்காரருக்கு வாக்கில்லை, அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர் பலருக்கும் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குண்டு என்ற ஏற்பாட்டை இரு தரப்பும் முன்னமே ஒப்புக்கொண்டிருந்ததால், வாக்காளர் இடாப்பின் மீது பழி போட இடமிருக்கவில்லை.

நம்முடைய கதை இதற்கு நேர்மாறு. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத்து வாக்குகள், தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சில மலையகத் தொகுதிகளில் வெல்ல வைத்தன. வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு உதவின. அதற்குக் கிடைத்த பதில் பேச்சல்ல, சட்டம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டப்படி, இங்கேயே பிறந்தவரும் தம் தகப்பனார் இங்கு பிறந்ததையோ, பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்ததையோ காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் அந்தக் கடதாசிக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசைகள் அல்லாதவர்களை இடாப்பிலிருந்து நீக்கினார்கள்.

புசல்லாவை, ஓய்வுபெற்றவர்:

ஆசிரியர் தம்பி, ஸ்கொட்லாந்தைச் சொல்லும்போது நம் நாட்டில் நடந்த ஒரே தேசிய வாக்கெடுப்பையும் சொல்லுங்கள். 1982 டிசம்பர் 22. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைத் தேர்தல் இல்லாமல் மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். நூற்றுக்கு 54.7 அளவில் விளக்கு வென்றது. மக்கள் பிரதிபலிப்பு என்ன என்று கேட்டால், எங்கள் லயத்தைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும். அன்று காலையும் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் வாசித்தார், பெண்கள் கொழுந்துக்குப் போனார்கள், நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போனேன். எங்கள் பெயர் இருந்த ஒரே இடாப்பு செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடுதான். முடிவு வந்த அன்று டவுனில் வெடிச்சத்தம் கேட்டது. எதற்கென்று என் தாயார் கேட்டார், விளக்கு வென்றுவிட்டது என்றேன், நமக்கு மண்ணெண்ணெய் விலை குறையுமா என்றார். 1988இல் வந்த பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகே எனக்கு வாக்கு கிடைத்தது.

தலவாக்கலை ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாக்கெடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அடுத்த பாடத்தை எடுக்கப்போகிறேன். கிளாஸ்கோ நண்பரிடம் ஒரு சிறு விவரம் வேண்டும்: அங்கே இடாப்பில் பெயரைச் சேர்க்க உங்களிடம் எதை எதைக் கேட்டார்கள்?

மஸ்கெலியாவிலிருந்து கிளாஸ்கோ:

வீட்டுக்கு ஒரு படிவம் தபாலில் வந்தது, ஐயா. பெயர், விலாசம், எந்த நாட்டவர் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினோம். என் பாட்டனார் எங்கே பிறந்தார் என்று யாரும் கேட்கவில்லை.