1994 டாடா மொபைல் 206: பம்பைப் பிரிப்பதா, டேங்கிலிருந்து தொடங்குவதா?

தேனிப்பக்கம்:
அப்பா வாழைத்தார் ஏற்றிய வண்டி. 1994 டாடா மொபைல் 206, 1.9 லிட்டர் டீசல், ரோட்டரி பம்ப் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்ச அனுப்பும் பம்ப்). ஆறு வருடம் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது. கேபின் தரையும் பின் ட்ரேயும் தகடு வெட்டி வெல்டு வைத்தாயிற்று, பிரேக்கும் முடிந்தது. இன்ஜின்தான் படுத்துகிறது. காலையில் ஹேண்ட் ப்ரைமரை (டீசலைக் கையால் இழுத்துவிடும் சின்னப் பம்ப்) நாற்பது ஐம்பது தடவை அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். அப்புறம் ஏழெட்டு கிலோமீட்டர் நன்றாக ஓடி, மேட்டில் இழுவை போய் அணைந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடும். ஒரு கடையில் பம்புக்குள் டீசலை அழுத்தி அனுப்பும் பாகமான ஹெட் ரோட்டரை மாற்ற 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர் டேங்கிலிருந்து டீசலைத் தள்ள எலக்ட்ரிக் பம்ப் போட்டால் தீரும் என்கிறார். எதைச் செய்ய?

பம்ப்ரூம்_22வருஷம்:
பம்பை இறக்கியே ஆக வேண்டும் தம்பி. ஆறு வருடம் நின்ற டீசல் உள்ளே பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். அதோடு இந்தப் பம்ப் வந்த காலத்தில் டீசலில் கந்தகம் ஆயிரக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 தர டீசல், வெறும் 10 பிபிஎம். கசிவைத் தடுக்கும் பழைய நைட்ரைல் ரப்பர் வளையங்கள், அதாவது ஓ-ரிங்குகள், இந்த டீசலில் சுருங்கிவிடும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோதே பழைய பம்புகளில் சீல் ஒழுகியது. எல்லாவற்றையும் வைட்டான் என்ற ரப்பரில் மாற்றுங்கள். டீசலில் 200-க்கு 1 கணக்கில் 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) சேருங்கள், பம்புக்கு வழுவழுப்பு வேண்டும்.

நாமக்கல்_லாரி:
அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த வண்டிக்கு இந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெட் ரோட்டர் தேய்ந்தால் சூட்டில்தான் மக்கர் செய்யும். டீசல் சூடேறி இளகி, தேய்ந்த இடைவெளியில் உள்ளேயே கசிந்துவிடும். ஓடி நின்ற வண்டி உடனே பிடிக்காது, நன்றாக ஆறினால்தான் பிடிக்கும். தம்பிக்கு நேர் எதிராக இருக்கிறது. இரவெல்லாம் ஆறிய இன்ஜின் பிடிக்கவில்லை, சூடு தணியாத இன்ஜின் பத்தே நிமிடத்தில் பிடிக்கிறது.

காலையில் ப்ரைமர் கேட்பது எங்கோ ஏர் புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவதால். மேட்டில் அணைவது டேங்குக்குள் சக்‌ஷன் பைப் வலையைத் துரு அடைப்பதால். இழுப்பு நின்றதும் துரு கீழே உதிரும், மறுபடி ஓடும். டேங்க் மூடியில் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். அடுத்த முறை அணையும்போது மூடியைத் திறந்து பாருங்கள், 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் துளை அடைப்பு.

முதலில் பம்புக்குள் டீசல் நுழையும் இன்லெட்டில் ஒரு சாண் நிறமில்லாத ட்யூப் போட்டு, குமிழி வருகிறதா பாருங்கள். அப்புறம் ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் ஊற்றி ட்ரேயில் கட்டி, இன்லெட், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் இரண்டையும் கேனுக்கே விட்டு ஓட்டுங்கள். செலவு நூறு இருநூறு ரூபாய்.

எலக்ட்ரிக் பம்ப் வேண்டவே வேண்டாம். ஏர் இழுக்கும் ஓட்டை அப்படியே இருக்கும், ஏருக்குப் பதில் டீசல் வெளியே ஒழுகும். அதைவிட முக்கியம், இந்தப் பம்பில் இன்ஜெக்‌ஷன் டைமிங் (டீசலைப் பீய்ச்சும் நேரம்) முன்னே போவது உள் அழுத்தத்தை வைத்துத்தான். வெளியிலிருந்து அதிகமாகத் தள்ளினால் டைமிங் கெடும், ஷாஃப்ட் சீலும் போகலாம்.

கோவை_லேப்:
2டி ஆயில் பற்றி மட்டும். கந்தகம் வழுவழுப்பு தருவதில்லை. அதை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பில் வழுவழுப்பு தரும் மற்ற சேர்மங்களும் போய்விடுகின்றன. அதை ஈடுகட்ட ஆலையிலேயே சேர்மானம் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம் பிஎஸ்-6 டீசலுக்குத் தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழும் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே இருக்கிறது. 2டி ஆயில் பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்தது. அதை ஊற்றி ஆலை செய்த கணக்கை ஏன் கலைக்க வேண்டும்?

பம்ப்ரூம்_22வருஷம்:
வரம்பு காகிதத்தில் சரி. தேய்ந்த பம்பைத் திறந்து பார்ப்பவன் நான். 2டி ஊற்றிய வண்டிகளின் உள்பாகம் பளபளவென்று இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை விட மாட்டேன்.

தேனிப்பக்கம்:
ஞாயிறு முழுக்க இதே வேலை. ட்யூப் போட்டதும் கடுகு கோத்தது மாதிரி குமிழி வரிசையாக வந்தது. தேடிப் போனால் கேபினுக்கு அடியில் ரப்பர் ஹோஸ் இரும்புப் பைப்பில் சேரும் இடம், கிளிப்புக்குள் பைப் துருப்பிடித்து மேடுபள்ளமாக இருக்கிறது. கேனில் 22 கிலோமீட்டர், அந்த மேடு உட்பட, ஒரு தடவைகூட அணையவில்லை. டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர், பின்னால் துருச் செதில்கள். வலையில் களிமண் பூசியது போல் இருந்தது. மறுநாள் காலை, கேன் கட்டியபடியே, ப்ரைமரைத் தொடாமல் ஸ்டார்ட் ஆயிற்று. அப்போது பம்பில் குறை இல்லைதானே?

பம்ப்ரூம்_22வருஷம்:
அந்த முடிவுக்குப் போகாதீர்கள். கேன் பம்பைவிட உயரத்தில் இருந்தது. டீசல் தானே இறங்கி நிற்கும், பம்பில் ஓட்டை இருந்தாலும் ஏர் புகாது. கேனைத் தரையில் வைத்து ஓர் இரவு விடுங்கள். பம்பில் ஆக்சிலேட்டர் இழுக்கும் த்ராட்டில் லீவர் நிற்கும் ஷாஃப்டைச் சுற்றி விரலால் தடவியும் பாருங்கள்.

நாமக்கல்_லாரி:
இது நியாயமான பேச்சு. எனக்கு இது தோன்றவில்லை.

தேனிப்பக்கம்:
அண்ணே, நீங்கள் சொன்னது சரி. காலையில் ட்யூப் காலி, லீவர் ஷாஃப்ட் அடியில் விரல் நனைகிறது.

நாமக்கல்_லாரி:
சரி, சீல் மட்டும் மாற்றுங்கள். ஹெட் ரோட்டருக்கு இன்னும் ஆதாரம் இல்லை, 18,000 கொடுக்காதீர்கள். பம்பைத் திரும்ப மாட்டும்போது ரிட்டர்ன் போல்டில் கவனம். 'அவுட்' என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை. பார்க்க இன்லெட் போல்டு மாதிரியே இருக்கும். இடம் மாறினால் ஆக்சிலேட்டர் மிதித்தாலும் இன்ஜின் ஏறாது, பம்ப் போச்சு என்று மறுபடி பிரிப்பார்கள். புது லைனுக்குச் செம்பு வேண்டாம், டீசலைக் கெடுக்கும். இரும்புப் பைப்பே போடுங்கள். டேங்குக்கு வெல்டு தேவைப்பட்டால் நன்றாகக் கழுவி, வாய் வரை தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள். டீசல்தானே என்று நினைத்து வெடித்த டேங்குகள் உண்டு.

பம்ப்ரூம்_22வருஷம்:
சீல் வேலைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பம்பை டெஸ்ட் பெஞ்சில் (பம்பைத் தனியே ஓட்டி அளக்கும் கருவி) ஏற்றி அளவு பார்க்காமல் மாட்டாதீர்கள்.

தேனிப்பக்கம்:
இந்த வாரம் பம்ப் இறங்குகிறது, வைட்டான் சீல், பெஞ்ச் அளவு இரண்டும். டேங்குக்குள் சின்ன ஜல்லி போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன், நான்காவது தடவைதான் தண்ணீர் தெளிந்து வருகிறது. 2டி ஆயில் இப்போதைக்கு ஊற்றவில்லை.