கலங்கரை விளக்கங்களின் பெயரில் ஒரு ஹாம் வானொலிப் போட்டி: அனுபவப் பகிர்வு

அமைப்பாளர் குழுவிலிருந்து:

உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரையொருவர் அழைத்துப் பேசுவதே ஹாம் வானொலி. அதில், வெட்டவெளியில், மின்கலத்தின் பலத்தில் மட்டும் ஒரு போட்டி நடத்த வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. கருப்பொருளாகச் சிங்கப்பூரின் கலங்கரை விளக்கங்களை எடுத்துக்கொண்டோம். இத்தகைய போட்டியில் ஓர் அணி இன்னோர் அணியை வானொலியில் பிடித்ததும், இருவரும் ஓர் எண்ணைச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். இங்கே, வழக்கமான வரிசை எண்ணுக்குப் பதிலாக, தன் அணிக்குரிய விளக்கம் ஒளிரத் தொடங்கிய ஆண்டைச் சொல்ல வேண்டும். ஹார்ஸ்பர்க் 1851, ராஃபிள்ஸ் 1855, கேனிங் கோட்டை 1903, ஃபுல்லர்ட்டன் 1958, பிடோக் 1978.

இதில் ஒரு சிக்கல் உண்டு. யாருக்கு எந்த விளக்கம் என்று தெரிந்துவிட்டால், காதில் சரியாக விழாமலே ஆண்டை எழுதிவிடலாம். மேலும் ஐந்து அணிகள் என்றால் பத்து இணைகள்தாம். அரை மணியில் எல்லாரும் எல்லாரையும் பிடித்துவிடுவார்கள். ஆகவே ஒட்டிய உறைகள் கொடுத்தோம். மணிக்கு ஓர் உறை, உள்ளே புதிய விளக்கம். பெயர் மாறியதும் பழைய அணியையே மறுபடி அழைக்கலாம். இரு தரப்புப் பதிவேடும் ஒத்துப்போனால்தான் புள்ளி. போட்டியின் உயிரே இந்த உறையில்தான் இருந்தது என்பேன்.

திறன் வரம்பு ஐந்து வாட். மரத்தில் ஆண்டெனாக் கம்பி கட்டக்கூடாது என்பதும் விதி. கண்ணாடியிழைத் தூண்டில் கம்பே அதைத் தாங்கும் கொடிமரம்; கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதை விலக்கினோம்.

ஈஸ்ட் கோஸ்ட் அணியிலிருந்து:

நாங்கள் இருந்த இடத்திலிருந்து பிடோக் விளக்கம் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் இருப்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு மீட்டர் அலைவரிசையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடங்கள் குறுக்கே நின்றன. பாசிர் ரிஸ் அணி கேட்கவே இல்லை. நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு மாறினோம். பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பி, தரையிலிருந்து அதிக உயரமில்லை. அப்படித் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், வானின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு அக்கம்பக்கத்திலேயே இறங்கும். கட்டடங்களைப் பற்றிய கவலை போயிற்று.

நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் தூண்டில் கம்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் ஏதாவது அகப்பட்டதா?" என்றார். அந்த மணிக்கு எங்கள் உறையில் ஃபுல்லர்ட்டன். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். இளவயதில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகில் வேலை பார்த்தவராம். "தபால் நிலையக் கட்டடத்து மேலேதானே அந்த விளக்கு இருந்தது! இருட்டில் வரும்போது அதைத்தான் தேடுவோம்" என்றார். பிடோக் விளக்கம் வந்த பிறகுதான் அது ஓய்வு பெற்றது என்று சொல்லி, எதிரே கையைக் காட்டினேன். "இவ்வளவு காலமாக இந்தப் பக்கம் நடக்கிறேன், தெரியாதே!" என்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

உரிமம் இல்லாதவரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்க முடியாது. பதிவேடு எழுதலாமே! மடக்கு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம். அழைப்புக்குறி (வானொலியில் ஒரு நிலையத்தின் அடையாளப் பெயர்), நேரம், ஆண்டு என்று முத்து முத்தாக எழுதினார். சரிபார்ப்பில் அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை.

பாசிர் ரிஸ் அணியிலிருந்து:

பிற்பகலில் இடி கேட்டது. கம்பை இறக்கி, ஆண்டெனா வடத்தைக் கழற்றிவிட்டுக் கூரைக்கு ஓடினோம். ஓர் அணிக்கு இடி கேட்டாலும் ஐந்து அணிகளுக்கும் கடிகாரம் நிற்கும் என்ற விதியை மனதாரப் பாராட்டுகிறேன். அது இல்லாவிட்டால், புள்ளி போய்விடுமே என்று இன்னும் ஓர் அழைப்பு, இன்னும் ஓர் அழைப்பு என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊர் மின்னலோடு அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அதிகாலையிலேயே தொடங்குங்கள். மழைக்கு முன் முடித்துவிடலாம், வெயிலுக்கும் நல்லது. சுல்தான் ஷோல் விளக்கத்தையும் சேர்த்தால், ஆறாவது அணியாக என் தங்கை வருகிறாள், ஹாம் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.