எல்க் வேட்டைக்கு எடை குறைந்த கத்தி: பிளேடு மாற்றுவதா, சாதா கத்தியா?

புதுவில்லாளன்:
அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோ மலையில் 5 நாள் எல்க் (பெரிய மான்) வேட்டை. சாமான் மொத்தமும் முதுகில்தான், அதனால் கத்திக்கு 150 கிராமுக்கு மேல் ஒதுக்க முடியாது. வயிற்றைத் திறக்காமல், கிடந்த இடத்திலேயே பிரித்து எடுத்துவருவதாகத் திட்டம். பிளேடு மாற்றும் கத்தியான ஹேவலான் பிரான்டா ஒன்று போதுமா?

மலைச்சரிவு:
ஒன்றுதான் என்றால் பிரான்டா வேண்டாம். சுமார் 70 கிராம், தோலுரிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் பிளேடு ஆபரேஷன் கத்தி போல மெல்லிசு, பக்கவாட்டில் நெம்பினால் பட்டென்று ஒடியும். ஒடிவது பெரும்பாலும் பின்தொடை இடுப்போடு சேரும் பந்துமூட்டில். துண்டு கறிக்குள் போய்விட்டால் தேடி எடுத்தே ஆக வேண்டும். முன்காலில் அந்தப் பயமில்லை: உடம்போடு எலும்பு மூட்டே கிடையாது, வெறும் சதைதான். காலைத் தூக்கிப் பிடித்து விலாவை ஒட்டியே அறுத்தால் கழன்று வந்துவிடும்.

பிளேடு மாற்றக் குறடு அவசியம். கொழுப்பு படிந்த விரலால், அதுவும் இருட்டில், பிளேடைக் கழற்றப் போய்த்தான் பலர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள்.

சாணைக்கல்:
மூன்று, மூன்றரை அங்குல பிளேடு தாராளம். சாதா கத்தியில் பெஞ்ச்மேட் ஆல்டிடியூட் 50 கிராமுக்கும் கீழே. அதோடு பிரான்டாவையும் வைத்தால், உறை சேர்த்து உங்கள் 150-ஐ ஒட்டி வரும். ஆல்டிடியூடின் எஸ்90வி எஃகில் கூர் நெடுநேரம் நிற்கும்; போனால் காட்டில் மீட்பது பெரும்பாடு. கூர் தீட்டும் பீங்கான் குச்சி அதில் சரியாகப் பிடிக்காது, தீட்டச் சின்ன வைரப் பட்டை ஒன்று வையுங்கள். எடைக்காகப் பிடியைக் குடைந்திருப்பார்கள், நெடுநேரம் அறுத்தால் உள்ளங்கை மரத்துப்போகும். மெல்லிய கயிறு சுற்றினால் சமாளிக்கலாம். பணம் இடித்தால் மோரா கம்பானியன்: உறையோடு சுமார் 115 கிராம், ரப்பர் பிடி, கை வழுக்காது.

எந்த எஃகானாலும் கூரைத் தின்பது முடியும் அதில் ஒட்டிய மண்ணும்தான். முதல் கீறலுக்குப் பிறகு கூர்ப்பக்கத்தை மேலே திருப்பி, தோலுக்கு அடியிலிருந்து வெளியே வெட்டிக்கொண்டு போங்கள். வெளியிலிருந்து முடியோடு சேர்த்து அறுத்தால் பாதி மானுக்குள் கத்தி மொக்கையாகிவிடும்.

புதுவில்லாளன்:
அப்போ ரெண்டும்தான். நன்றி. வயிற்றைத் திறக்காமல் உள்பக்க முதுகுச்சதையை எடுக்க எந்தக் கத்தி?

மலைச்சரிவு:
சாதா கத்தி. கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிச் சின்னதாகத் திறந்து, இரைப்பையை ஒரு கையால் உள்ளே அழுத்திக்கொண்டு, சதையை விரலாலேயே பிரித்துவாருங்கள். இரு முனையிலும் மட்டும்தான் கத்தி. பிரான்டாவை அங்கே நுழைத்தால் இரைப்பை கிழியும், கறி நாறிவிடும்.

பழைய பிளேடுகளை மாத்திரை டப்பாவில் போட்டு மூடி எடுத்துவாருங்கள். அப்புறம், கொலராடோவில் ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கறியோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும். எலும்பு நீக்கும் வேகத்தில் அதையும் அறுத்துவிடாதீர்கள்.