உதவி: டி போட்டால் வண்டி யோசிக்கிறது, மேட்டில் ஸ்லிப் ஆகிறது. அவசரம்!

காங்கயம்_காளை (திங்கள் இரவு):
அண்ணன்மார்களே, ஆட்டோமேட்டிக் கார். வெடியால ஸ்டார்ட் செய்து லீவரை டி-யில் (டிரைவ்) போட்டால் நாலைந்து வினாடி அப்படியே நிற்கிறது, அப்புறம் டக்கென்று உதைத்துக் கிளம்புகிறது. நேற்று குடும்பத்தோடு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி ஏறுவதில்லை. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் பிடித்துக்கொள்கிறது. பாதியிலேயே திரும்பிவிட்டோம். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், கியர்பாக்ஸை இறக்கணும், லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெருந்துறையில் அக்கா மகளுக்குச் சீர், நான் தாய்மாமன். வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா? சீக்கிரம் சொல்லுங்க.

சூலூர்_ஸ்பேனர்:
என்ன வண்டி, எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர்? கியர்பாக்ஸ் எந்த வகை: ஏஎம்டியா, பெல்ட்டில் ஓடும் சிவிடியா, இரண்டு கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச்சா, ஆயில் வழியாக இழுக்கும் டார்க் கன்வெர்ட்டரா? நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. ரிவர்ஸிலும் இந்தத் தாமதம் இருக்கிறதா? டாஷ்போர்டில் விளக்கு ஏதாவது எரிகிறதா?

கோபி_வாய்க்கால்:
சந்தேகமே வேண்டாம், கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். என் வண்டியிலும் இதே கதைதான். கிளட்ச் செட் மாற்றியதும் புது வண்டி மாதிரி ஆகிவிட்டது.

சூலூர்_ஸ்பேனர்:
கோபி, உங்களுடையது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான், காலால் மிதிக்க வேண்டிய கிளட்ச்சை ஆக்சுவேட்டர் என்ற கருவி மிதிக்கிறது, அவ்வளவுதான். அவர் என்ன வண்டி என்றே இன்னும் சொல்லவில்லை.

பேட்டரி_பங்காளி:
முதலில் பேட்டரியைப் பாருங்க. இன்ஜின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திறந்து மூடும் சொலினாய்டு ஒழுங்காக வேலை செய்யாது. பாதிப் பேர் கியர்பாக்ஸுக்கு அழும் காசு பேட்டரி டெர்மினலில் இருக்கும் பூசணம்தான்.

டார்க்_மாஸ்டர் (மூத்த உறுப்பினர்):
வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். தேடல் பெட்டி என்று மேலே ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 'ஆட்டோமேட்டிக் கார்' என்பது ஒரு தகவலா? டாக்டரிடம் போய் 'நான் ஒரு மனிதன், வலிக்கிறது' என்று சொல்வீர்களா?

காங்கயம்_காளை (செவ்வாய் காலை):
மன்னிக்கணும், கம்பெனி பெயர் போட்டுக் குறை சொன்னால் இழையைத் தூக்கிவிடுவார்கள் என்று எழுதவில்லை. ஜப்பான் செடான், 2012, 90 ஆயிரம் ஓடியிருக்கிறது. கியர் லீவரில் பி, ஆர், என், டி, 2, எல் என்று இருக்கிறது. ஏஎம்டி இல்லீங்க, டார்க் கன்வெர்ட்டர் என்று வாங்கும்போது சொன்னார்கள். விளக்கு எதுவும் இல்லை. ரிவர்ஸும் தாமதம்தான்.

சூலூர்_ஸ்பேனர்:
இதைத்தான் கேட்டேன். டி, ஆர் இரண்டுமே தாமதம் என்றால் ஒரு கியரின் கிளட்ச் மட்டும் போயிருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டுக்கும் பொதுவானது ஆயில் அழுத்தம். பெட்டிக்குள் இருக்கும் பம்ப் அடியிலிருந்து ஏடிஎஃப் என்ற கியர்பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி அழுத்தம் கொடுத்தால்தான் கிளட்ச் பிடிக்கும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். மேட்டிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் அங்கேதான் முதலில் ஸ்லிப் தெரியும். நீங்கள் சொல்லும் கொண்டை ஊசிக் கதை அப்படியே பொருந்துகிறது. ஏடிஎஃப் கம்பியை எடுத்து அளவைப் பாருங்க. கடைசியாக வண்டியில் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்க.

காங்கயம்_காளை:
டிப்ஸ்டிக் பார்த்தேன் அண்ணா. மேல் கோடு வரை இருக்கிறது, ஆனால் கருப்பாக இருக்கிறது. கியர்பாக்ஸ் எரிந்துவிட்டதா?

சூலூர்_ஸ்பேனர்:
அது இன்ஜின் ஆயில் கம்பி தம்பி. ஏடிஎஃப் கம்பி தனி. கீழே, கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கும். உங்கள் மேனுவலைத் திறந்து இடத்தையும் முறையையும் பாருங்க. முறை முக்கியம். பல வண்டிகளில் சூடேறிய பிறகு இன்ஜின் ஓட, பி-யில் (பார்க்) வைத்துப் பார்ப்பார்கள். சில ஜப்பான் வண்டிகளில் இன்ஜினை அணைத்து ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். சமதளத்தில் நிறுத்துங்க. எடுத்த கம்பியைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள், நூல் பிரிந்து உள்ளே போனால் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் போய் மாட்டும். நூல் உதிராத துணியாக எடுங்க.

அனுப்பர்பாளையம்_பாத்திரக்காரர்:
வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் திருப்பூர் பனியன் வேஸ்ட் இல்லாமல் இந்தப் பக்கத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பாவது ஓடுகிறதா என்று சொல்லுங்க.

மலைப்பாதை_மணி:
நான் பொள்ளாச்சி வால்பாறை ரூட்டில் டாக்ஸி ஓட்டுகிறேன். தம்பி, திரும்பி இறங்கும்போது நியூட்ரலில் விட்டீர்களா? 40 வளைவு ரோடு அது. ஆழியாறு செக்போஸ்ட்டில் பிரேக் புகையோடு நிற்கும் வண்டிகளில் பாதி நியூட்ரல் கோஷ்டிதான்.

ஈரோடு_மஞ்சள்:
நியூட்ரலில் விட்டால் என்ன? நான் திம்பம் 27 வளைவையும் என்-லேயே இறங்குகிறவன். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை.

மலைப்பாதை_மணி:
உங்களுக்கு முன்னாடி போகிறவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

கோபி_வாய்க்கால்:
மைலேஜ் கிடைப்பது உண்மைதானே மணியண்ணா?

மலைப்பாதை_மணி:
கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் ஐடிலிங் ஓட வேண்டுமே, அதற்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆக, காசும் மிச்சமில்லை, இன்ஜின் பிடிமானமும் இல்லை. குறைந்த கியரான 2-லயோ எல்-லயோ போட்டு இறங்குங்க, பிரேக் ஆறும்.

ஈரோடு_மஞ்சள்:
என் அனுபவம் வேறு. வாதம் பண்ண வரவில்லை.

டார்க்_மாஸ்டர் (மூத்த உறுப்பினர்):
வாதம் பண்ண வராதவர் மூன்றாவது முறையாக இதே விஷயத்தை மூன்றாவது இழையில் எழுதியிருக்கிறார். மணி சொல்வது சரி. இப்போது காளைக்கு வருவோம். ஏடிஎஃப் என்று கடையில் கேட்டால் சிவப்பாக எதையோ எடுத்துக் கொடுப்பான். டெக்ஸ்ரான் ஒன்று, டைப் டி-ஃபோர் ஒன்று, டிடபிள்யூ-ஒன் ஒன்று. எல்லாம் சிவப்பு, எல்லாம் ஒன்றல்ல. கிளட்ச் பிடிக்கும் தன்மையே ஆயிலைப் பொறுத்தது. மேனுவலில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்கின் மச்சான் சொன்னான் என்று வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.

பேட்டரி_பங்காளி:
வோல்டேஜ் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

காங்கயம்_காளை (புதன் காலை):
ஏடிஎஃப் கம்பி கிடைத்துவிட்டது. துடைத்துவிட்டு உள்ளே விட்டு எடுத்தால் நுனியில் மட்டும் லேசாக ஈரம், கோட்டைத் தொடவே இல்லை. நிறம் சிவப்புதான், கொஞ்சம் பழுப்பு. போன மாதம் ரேடியேட்டர் ஓட்டையாகி மாற்றினோம், அது வேறு கதை. ஆயில் எப்படிக் குறையும்? புகைகூட வரவில்லையே.

சூலூர்_ஸ்பேனர்:
வேறு கதை இல்லீங்க, அதுதான் கதை! உங்கள் மாதிரி வண்டிகளில் ஏடிஎஃப் குளிர்வதே ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கும் கூலரில்தான். கியர்பாக்ஸிலிருந்து இரண்டு ஹோஸ் அங்கே போய் வரும். ரேடியேட்டரைக் கழற்றும்போது அந்த ஹோஸிலும் பழைய கூலரிலும் இருந்த ஆயில் கொட்டியிருக்கும். கூலன்ட் நிரப்பியவர் ஏடிஎஃப் அளவைப் பார்த்திருக்க மாட்டார். அதற்கு மேல் கிளிப் சரியாக உட்காராமல் சொட்டிக்கொண்டும் இருக்கலாம். இன்ஜின் ஆயில் மாதிரி இது எரிந்து குறைகிற ஆயில் இல்லை. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது.

இன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்க. காலையில் சிவப்புச் சொட்டு முன்னால் ரேடியேட்டர் பக்கமா, சக்கரத்தின் ஆக்ஸில் சீல் பக்கமா என்று தெரிந்துவிடும். கூலன்ட் பாட்டிலையும் பாருங்க, அதில் எண்ணெய்ப் படலம் இருக்கக் கூடாது. கம்பியில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி இருந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். உங்களுக்குச் சிவப்பு என்பதால் தப்பித்தீர்கள் என்று நினைக்கிறேன். கருகின வாடை வருகிறதா என்று முகர்ந்தும் பாருங்க.

கோபி_வாய்க்கால்:
எதுக்கு இவ்வளவு சிரமம்? கயிறு கட்டிக் கோயமுத்தூருக்கு இழுத்து வந்துவிட்டால் ஒரே நாளில் பார்த்துவிடலாமே.

டார்க்_மாஸ்டர் (மூத்த உறுப்பினர்):
இன்ஜின் ஓடாமல் முன்சக்கரத்தைத் தரையில் உருட்டி அவ்வளவு தூரம் இழுத்தால் பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் ஓடாது. காங்கயத்தில் நல்லதாக இருந்த பெட்டி சூலூர் வருவதற்குள் கெட்டுவிடும். முன்சக்கரம் இரண்டையும் தூக்கித்தான் இழுக்க வேண்டும், அல்லது மேலே ஏற்றிவரும் வண்டி.

சூலூர்_ஸ்பேனர்:
ஹோஸ் மாற்ற வேண்டியிருந்தால் ஏடிஎஃப் கூலர் ஹோஸ் என்றே கேளுங்க. ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டால் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். அடியில் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. இன்ஜின் ஆறின பிறகு கை வையுங்க. கசிவை நிறுத்திய பிறகு நீளப் புனலால் கால் கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரிலும் ஒரு முறை போட்டு எடுத்து, அளவு பாருங்க. மொத்தமாகக் கவிழ்த்தால் அதிகமாகி நுரைக்கும், நுரைத்தாலும் அழுத்தம் வராது.

ஈரோடு_மஞ்சள்:
டாக்ஸிக்காரருக்கு ஒரு கேள்வி. நியூட்ரலில் விட்டாலும் இன்ஜின் ஓடுகிறது, பம்ப் சுற்றுகிறது. அப்புறம் கியர்பாக்ஸுக்கு என்ன கேடு?

மலைப்பாதை_மணி:
நான் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. வளைவில் எதிரே பஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழி விட்டு நிற்க வேண்டிய ரோடு அது.

ஈரோடு_மஞ்சள்:
நிற்பேன். பிரேக் இருக்கிறது.

மலைப்பாதை_மணி:
இருக்கிற வரைக்கும்.

காங்கயம்_காளை (வியாழன் இரவு):
அண்ணா, ஹோஸ் கிளிப்பேதான். அட்டையில் முன்பக்கம் சிவப்பு வட்டம். கிளிப் மாற்றியாச்சு. ஒன்றேகால் லிட்டர் குடித்தது. டி போட்டதும் கிளம்புகிறது. சீர் வேலை கிடக்குது, அப்புறம் வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

சூலூர்_ஸ்பேனர்:
நல்லதுங்க. வாடை எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே? ஆயில் இல்லாமல் மலை ஏறியிருக்கிறீர்கள், கிளட்ச் கொஞ்சம் சூடு கண்டிருக்கும். சீர் முடிந்ததும் ஒரு தடவை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்க. வடித்தால் எல்லாம் வராது, டார்க் கன்வெர்ட்டருக்குள் பாதி தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடிக்க வேண்டியிருக்கும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் சாதாரணம், துண்டு துண்டாக இருந்தால் இங்கே படம் போடுங்க.

டார்க்_மாஸ்டர் (மூத்த உறுப்பினர்):
எந்த ஆயில் ஊற்றினார் என்பதையும் சொல்லவில்லை.

பேட்டரி_பங்காளி:
எதுக்கும் டெர்மினலை ஒரு தடவை துடைத்துவிடுங்க.

தாராபுரம்_தென்னை (திங்கள்):
அண்ணா, எனக்கும் டி போட்டால் இதே தாமதம். என்னுடையது சிவிடி. காளை அண்ணன் ஊற்றிய அதே ஆயிலை நானும் ஊற்றலாமா?

சூலூர்_ஸ்பேனர்:
ஊற்றவே கூடாது. சிவிடிக்கு அதற்கான ஆயில் தனி, சாதாரண ஏடிஎஃப் போட்டால் பெல்ட் வழுக்கி மொத்தமும் போய்விடும். புது இழை போடுங்க. ரேடியேட்டர் மாற்றியிருந்தால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்க.